கென்டக்கி காட்டில் தானே கற்ற பாப்டிஸ்ட் நெசவாளி: மலை தாண்டி வந்தது தறியா, அச்சா?

#1 பாவுக்கழி

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் பதில்: அச்சு, அதாவது நீளவாக்கு இழைகளைச் சீராகப் பிரித்து, குறுக்கு இழையை அடித்து நெருக்கும் சீப்பு. தறியை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போவது போன்ற படங்களை நம்பாதீர்கள். 1775 மார்ச்சில் டேனியல் பூன் என்ற வழிகாட்டியின் கூட்டம் அப்பலாச்சிய மலை தாண்டி கென்டக்கிக்கு வெட்டிய வனப்பாதையில் 1796 வரை வண்டி ஓடவில்லை. அதுவரை பொதிகுதிரைதான். குதிரை முதுகில் ஏறும் அளவுக்குச் சிறியதும், காட்டில் உடனே செய்ய முடியாததும் மட்டுமே வந்தன: அச்சு (சில ஊரில் பண்ணை என்பார்கள்), விழுதுக்கட்டு (நீள இழைகளைத் தூக்கி இறக்கும் கண் வைத்த கயிறுகள்), குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒன்றிரண்டு, ராட்டையின் இரும்புக் கதிர், கம்பளி சிக்கெடுக்கும் கம்பிச் சீப்பு ஒரு ஜோடி, ஆளி நார் (லினன் நூலுக்கானது) சீவும் இரும்புப் பல் பலகை. சட்டம் முழுவதும் அங்கே வெட்டியதுதான்.

சட்டத்துக்கு ஓக் மரம். கோடாரியால் சதுரித்த நான்கு கால், மேலும் கீழும் குறுக்கு விட்டம், எல்லாம் துளையும் நாக்குமாக இணைத்து மர ஆப்பு அடித்தது. ஆணி கிடையாது. ஆப்பைத் தட்டினால் கழன்றுவிடும், வேறிடம் கொண்டுபோய்ப் பூட்டலாம். ஏறத்தாழ 5 முதல் 6 அடி உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். 16-க்கு 20 அடி மரவீட்டில் இதை வைத்தால் படுக்கைக்கு இடம் தேட வேண்டும். அதனால் வசதி வந்ததும் முதலில் தறிக்கென்று ஒரு தனிக் கொட்டகை போட்டார்கள்.

பச்சை மரத்தில் செய்வதுதான் தானே கற்றவர் செய்யும் முதல் தவறு. ஆறு மாதத்தில் காய்ந்து பாவுமரம் (நீளவாக்கு இழைகளான பாவைச் சுற்றும் உருளை) வளையும். வளைந்த மரத்தில் சுற்றிய பாவு நடுவில் தளர்ந்து ஓரத்தில் இறுகும், அல்லது நேர்மாறாக. எத்தனை முறை சரிசெய்தாலும் துணி அலையலையாகத்தான் வரும். கால்கள் பச்சையாக இருந்தால் பரவாயில்லை. உருளும் இரண்டு மரமும் (பாவு சுற்றுவதும் துணி சுற்றுவதும்) காய்ந்ததாக இருந்தே ஆக வேண்டும்.

#2 கல்மேடு

காலத்தையும் இடத்தையும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாமா? "பாப்டிஸ்ட்" (விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்பே ஞானஸ்நானம் தரும் கிறிஸ்தவப் பிரிவு) என்று பொதுவாகச் சொன்னால் 1780-க்கும் 1840-க்கும் வித்தியாசம் தெரியாது. தறி விவரம் சரி. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் நூலுக்கு எங்கே போனார்கள்? ஆடு வளர்த்தால் ஓநாய் தின்றது, ஆளி விதைத்தால் அறுவடைக்கு முன்பே பழங்குடியினர் தாக்குதலுக்கு அஞ்சிக் கோட்டைக்குள் ஓட வேண்டியிருந்தது.

#3 செந்தட்டி

கல்மேடு கேட்டதற்கு என் பெயரிலேயே பதில் இருக்கிறது :) காட்டுச் செந்தட்டி. ஹாரட்ஸ்பர்க் கோட்டைக்கு 1776-ல் ராட்டையோடு வந்தவர் ஆன் போக் (பின்னாளில் மக்கின்டி). செந்தட்டி நாரையும் பைசன் எருமையின் மயிரையும் சேர்த்து லின்சி என்ற கலப்புத் துணி நெய்த வழியை அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அவர் கணவர் வில்லியம் போக் கைவேலைக்காரர். வாளி, தயிர் கடையும் மரப்பாத்திரம் எல்லாம் செய்தவர். தறியும் அவர் கையால் ஆனதாகவே மரபு சொல்கிறது.

செந்தட்டி வேலை இப்படி: இலையுதிர் காலத்தில் செடி அப்படியே காய்ந்து நிற்கும். வெட்டக்கூடாது. பனியும் மழையும் மாறிமாறிப் பட்டுத் தண்டின் பசை அழுகி நார் பிரியும் வரை விட்டு, குளிர்காலக் கடைசியில் சேகரிக்க வேண்டும். ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்கட்டை பொடிந்து, மேல்நார் பட்டையாக உரிந்து வந்தால் பதம். கட்டை நாரோடு ஒட்டிக்கொண்டே வந்தால் இன்னும் ஆகவில்லை. நார் தொட்டாலே அறுந்தால் அழுகல் மிஞ்சிவிட்டது, அந்தத் திட்டையே விட்டுவிட வேண்டும்.

பைசன் மயிர் வசந்தத்தில் கொத்துக்கொத்தாக உதிரும். அதில் மெல்லிய அடிமயிரும் முரட்டு மேல்மயிரும் கலந்திருக்கும். முரட்டு மயிரைக் கையால் பொறுக்கி எடுக்காமல் நூற்றால் நூல் குத்தும், முறுக்கும் நிற்காது. அடிமயிர் மிகக் குட்டை, பாவுக்கு ஆகாது. அதனால்தான் பாவு செந்தட்டி, ஊடை (குறுக்கு இழை) எருமை மயிர். 1800 வாக்கில் கென்டக்கியில் எருமை ஒழிந்தது. அதற்குள் ஆடும் ஆளியும் நிலைத்துவிட்டன.

#4 தறிச்சத்தம்

தானே கற்றவர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சட்டம் தச்சருக்குத் தெரிந்த வேலை. நூற்பு வீட்டுக்கு வீடு தெரியும். அச்சுதான் ஒருவர் உட்கார்ந்து தானே கண்டுபிடிக்க வேண்டிய வேலை. நம் பக்கத்தில் அச்சு கட்டுவது தனித்தொழிலாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கொண்டுவந்த அச்சு உடைந்தால் என்ன செய்தார்கள்?

#5 பாவுக்கழி

நல்ல கேள்வி. கென்டக்கியில் ஒரு அதிர்ஷ்டம், ஆற்றோர நாணல்மூங்கில் காடுகள். அச்சுப் பல்லுக்கு அதுதான் மூலப்பொருள்.

தண்டை வெட்டி நன்றாகக் காயவைத்துப் பிளந்து, வழுவழுப்பான வெளித்தோல் இருக்கும்படி சீவ வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே தடிமன் ஆவதற்கு, மரக்கட்டையில் இரண்டு கத்தி முனைகளை இடைவெளி விட்டு நட்டு, பட்டையை நடுவே இழுப்பார்கள். பிறகு மேலே இரண்டு, கீழே இரண்டு அரைவட்டக் குச்சி. ஒவ்வொரு பல்லையும் இவற்றுக்கு நடுவே நிறுத்தி மெழுகு தடவிய நூலால் ஒரு சுற்று, அடுத்த பல், ஒரு சுற்று.

இங்கேதான் சூட்சுமம். பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது பல் அல்ல, கட்டும் நூலின் தடிமன். அச்சு அடர்த்தியாக வேண்டுமென்றால் மெல்லிய கட்டுநூல். நடுவில் நூல் தீர்ந்து வேறு நூல் எடுத்தால் அந்த இடத்திலிருந்து எண்ணிக்கை மாறும். துணியில் நெடுக ஒரு கோடு விழும், துவைத்தாலும் போகாது. அத்தகைய கோடு உள்ள பழைய துணியைப் பார்த்தால் அச்சு வீட்டில் கட்டியது என்று கணிக்கலாம்.

விழுது கட்டுவது சுலபம். பலகையில் நான்கு முளை அடித்து, அதைச் சுற்றி லினன் கயிற்றில் முடிச்சுப் போட்டு, நடுவில் கண் விட வேண்டும். கண் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கால் அங்குலம் தவறினால் அந்த இழை மட்டும் முழுதாகத் திறக்காது, நாடா அதன் மேலோ கீழோ தவறிப் போகும்.

#6 ஊடைக்காரர்

ஏன் லினன் பாவு, கம்பளி ஊடை என்று யாரும் விளக்கவில்லை. கையால் நூற்ற ஒற்றைக் கம்பளி இழை பாவில் இழுபடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அச்சுப் பல் ஒவ்வொரு அடிக்கும் அதன் மேல் உராயும். லினன் இழுபடாது. ஆனால் காய்ந்தால் மொரமொரவென்று அறும். அதனால் லினன் பாவுக்கு மாவுக்கஞ்சி அல்லது ஆளிவிதை வேகவைத்த கொழகொழப்பான நீர் தடவி, ஈரமான நாளாகப் பார்த்து நெய்தார்கள். அடுப்பருகில் தறி வைத்தவர்கள் பாவை முடிச்சுப் போட்டே காலம் தள்ளினார்கள்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சாதாரண லின்சி, அச்சில் 36 அங்குல அகலம், அங்குலத்துக்கு 20 இழை. 720 இழை. பாவு நீளம் 20 கெஜம். 14,400 கெஜம் நூல். நூல் சுற்றும் சக்கரத்தின் சுற்றளவு 2 கெஜம், 40 சுற்றுக்கு ஒரு மரச்சட்டம் டக் என்று அடிக்கும், அது 80 கெஜம். அப்படி 7 சேர்ந்தால் 560 கெஜம், ஒரு சிட்டம். ஆக பாவுக்கு 26 சிட்டம்.

தறியில் கட்டும்போதும் கடைசியிலும் ஒரு கெஜம் வீண். ஊடை குறுக்கே போவதால் பாவு வளைந்து 8 சதவீதம்வரை சுருங்கும். கையில் வருவது 17 கெஜத்துக்குச் சற்று மேல். ஊடை அங்குலத்துக்கு 18 என்றால் கெஜத்துக்கு 648 வீச்சு, மொத்தம் 11,300 கெஜத்துக்குக் குறையாத கம்பளி நூல். சேதாரம் சேர்த்து 22 சிட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நூற்பவரைப் பாருங்கள். பெரிய கம்பளி ராட்டையில் நின்றபடி நூற்பார்கள். பின்னால் நடந்து இழுப்பது, முன்னால் நடந்து கதிரில் சுற்றுவது. ஒரு இழுப்புக்கு 2 கெஜம் வருகிறது என்றால் 22 சிட்டத்துக்கு 6,160 முறை போய் வர வேண்டும். நெசவாளிக்கோ நிமிடத்துக்கு 20 வீச்சு போட்டால் ஒரு கெஜத்துக்கு அரைமணி நேரம் சொச்சம். நிறுத்தி, நாடாவில் ஊடை நூல் சுற்றிய தார் மாற்றி, அறுந்தது முடிந்து நெய்தாலும் மூன்று நான்கு நாளில் அந்தப் பாவு முடிந்துவிடும். ஒரு தறிக்குப் பல ராட்டை வேண்டும் என்பது இதனால்தான். தறி ஓடாமல் நின்ற நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் நூல் வராததே.

#7 கல்மேடு

> சக்கரத்தின் சுற்றளவு 2 கெஜம்

இதைச் சட்டம் போலச் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வீடு சக்கரம் வேறு. அயல்வீட்டு நூலைக் கூலிக்கு நெய்பவர் முதலில் அவர்கள் சக்கரத்தை அளக்காமல் சிட்டக்கணக்கை நம்பினால் பாவு குறையும். குறைந்தால் சண்டை. அந்தச் சண்டை எங்கே போகும் என்பதுதான் இந்த விவாதத்தின் "பாப்டிஸ்ட்" பகுதி. அதற்கு யாராவது வாருங்கள்.

#8 சபைப்பதிவு

வருகிறேன். முதலில் பின்னணி. வர்ஜீனியாவில் அரசுத் திருச்சபை அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1768-ல் சிறைக்குப் போனவர்களில் லூயிஸ் கிரெய்க் ஒருவர். அவர் 1781-ல் ஸ்பாட்சில்வேனியாவிலிருந்து சபையாரும் மற்றவர்களுமாக 500-க்கு மேற்பட்டவர்களை மலை தாண்டிக் கூட்டிவந்து கில்பர்ட்ஸ் கிரீக்கில் இறங்கினார். "பயணச் சபை" என்று பெயர் பெற்றது அதுதான். அதே ஆண்டு ஜூன் 18-ல் செவர்ன்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு மரத்தடியில் இன்னொரு சபை உருவானது. 1785-ல் எல்க்ஹார்ன், சேலம் என்ற சபைக் கூட்டமைப்புகள். ரெகுலர், செப்பரேட் என்ற இரு பாப்டிஸ்ட் பிரிவும் 1801-ல் ஒன்றாகின.

இந்தச் சபைகளில் போதகருக்கும் சம்பளம் இல்லை, இறையியல் கல்லூரிப் படிப்பும் தேவையில்லை. ஒருவருக்குப் பிரசங்க வரம் இருப்பதாகத் தோன்றினால் சபை முன் பேசச் சொல்வார்கள். கேட்டுப் பார்த்து அனுமதி கொடுப்பார்கள். வாரநாளில் அவரும் உழுவார், மரம் வெட்டுவார், தறியில் உட்காருவார். தானே கற்றவரை "சான்றிதழ் எங்கே" என்று கேட்கும் பழக்கமே அந்தச் சமூகத்தில் இல்லை. காட்டு, பார்ப்போம் என்பதுதான். நெசவாளிக்கும் அதே அளவுகோல்.

மாதம் ஒரு சனிக்கிழமை சபைக் காரியக் கூட்டம், மறுநாள் ஆராதனை. சனிக்கிழமைதான் சுவாரசியம். குடி, நடனம், வராமல் போனது, கடன், பேச்சுத் தவறியது எல்லாம் அங்கே வரும். சகோதரனை உலக நீதிமன்றத்துக்கு இழுப்பது தவறு. வழி மத்தேயு 18:15–17: முதலில் தனியே போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப்போ, பிறகே சபை. ஆக நூல் குறைந்த வழக்கு சபைக்கு வருவதற்கு முன் இரண்டு முறை தறிக் கொட்டகையில் பேசப்பட்டிருக்கும். மன்னிப்புக் கேட்டால் பதிவில் ஒரே வரி. கேட்காவிட்டால் சபை நீக்கம். ஊரில் இருப்பவர்களில் பாதிப்பேர் வாடிக்கையாளர்களும் சபையாருமாக இருக்கும்போது அது வயிற்றிலும் அடி. வேறு குடியேற்றத்துக்குப் போவதானால் "நல்ல நிலையில் உள்ள உறுப்பினர்" என்ற கடிதம் வாங்கிப் போக வேண்டும். புது ஊரில் அவர் நாணயத்துக்கு அந்தக் காகிதமே சாட்சி.

#9 செந்தட்டி

சபைப்பதிவு ஒன்றை விட்டுவிட்டார். கிரெய்க் கூட்டத்தில் அடிமைகளும் நடந்தே வந்தார்கள். அவர்களில் ஒருவர் பீட்டர் டரெட், பின்னாளில் லெக்சிங்டனில் கறுப்பின பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கியவர். கென்டக்கியின் "வீட்டுத் துணி" என்று புகழப்படுவதில் நூற்றதும் நெய்ததும் அடிமைப் பெண்களின் கையாக இருந்தது கணிசம். "தானே கற்ற நெசவாளி" என்றதும் தாடி வைத்த வெள்ளையர் ஒருவரை மட்டும் கற்பனை செய்தால் பாதித் துணி காணாமல் போகும்.

#10 சபைப்பதிவு

ஒப்புக்கொள்கிறேன். சபைகளும் அதில் உடைந்தன. போதகர்கள் அடிமை விடுதலை விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று 1805-ல் எல்க்ஹார்ன் கூட்டமைப்பு சொன்னது. டேவிட் பாரோ போன்றவர்கள் 1807-ல் தனிக் கூட்டமைப்பே அமைத்தார்கள்.

#11 தறிச்சத்தம்

மறுபடி தறிக்கு. நான்கு விழுதுச் சட்டத்தில் வண்ண வடிவம் போடும் போர்வைகளைத் தானே கற்றவர்கள் எப்படி நெய்தார்கள்? இரண்டு விழுது லின்சி பார்த்துப் பழகலாம். இது அப்படி இல்லையே.

#12 ஊடைக்காரர்

காகிதச் சீட்டு. நீளமான ஒல்லிப் பட்டையில் நான்கு கோடு, கோட்டுக்கு ஒரு விழுதுச் சட்டம். எந்தக் கோட்டில் குறி இருக்கிறதோ அந்தச் சட்டத்தின் கண்ணில் அடுத்த இழையைக் கோர்க்க வேண்டும். வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தால் போதும். கோர்க்கும்போது எங்கே நின்றோம் என்று மறக்காமல் இருக்க ஊசி குத்திவைப்பார்கள். மிஞ்சியிருக்கும் சீட்டுகளில் அந்த ஊசித்துளைகளைக் காணலாம். அதிகம் துளைபட்ட சீட்டு, அதிகம் நெய்த வடிவம்.

பல சீட்டுகளில் மிதிபலகை கட்டும் முறை எழுதப்பட்டிருக்காது. ஏனென்றால் "கோர்த்தபடியே மிதி" என்பது எல்லோரும் அறிந்தது. 1-2, 2-3, 3-4, 4-1 என்ற ஜோடிகள் வடிவத்துக்கு. அவற்றுக்கு நடுவே 1-3, 2-4 மாறிமாறி வெள்ளை நூலில் சாதா ஊடை. இந்தச் சாதா ஊடையை மறந்தால் வண்ணக் கம்பளி பிடிப்பில்லாமல் தளர்ந்து தொங்கும். புதியவர்கள் செய்யும் முக்கியத் தவறு இதுதான். கண்டுபிடிக்க வழி: நாடா இரண்டும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்ப்பது. சாதா நாடா இடப்பக்கம் நின்றால் 1-3, வலப்பக்கம் நின்றால் 2-4 என்று வைத்துக்கொண்டால் தவறவே தவறாது.

அடுத்த சிக்கல் நடுத்தையல். நாடாவைக் கையால் வீசுவதால் கைக்கெட்டும் அகலம் 40 அங்குலத்துக்குள். (ஜான் கே 1733-லேயே கயிற்றை இழுத்தால் ஓடும் விசைநாடாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காட்டுத் தறிகளில் அதைத் தேடாதீர்கள்.) போர்வையை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைக்க வேண்டும். 90 அங்குல நீளத்தில் 9 அங்குல வடிவம் 10 முறை வருகிறது என்று வையுங்கள். இரண்டாம் பாதியில் கொஞ்சம் தளர்வாக அடித்து ஒவ்வொன்றும் கால் அங்குலம் நீண்டால் கடைசியில் இரண்டரை அங்குலம் விலகும். தைக்கும்போது இழுத்துச் சரிசெய்தால் போர்வை நெளியும். அதனால் முதல் பாதியின் அளவை ஒரு குச்சியில் வெட்டுப் போட்டு வைத்து, ஒவ்வொரு வடிவம் முடிந்ததும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பாதியையும் ஒரே பாவில், ஒரே ஆள், இடைவெளி விடாமல் நெய்வது உத்தமம். ஆள் மாறினால் கை மாறும்.

#13 கல்மேடு

சாயம்? போர்வைகளில் வரும் அந்த நீலம் எல்லாம் காட்டில் கிடைக்காதே.

#14 செந்தட்டி

அவுரிக்கட்டி கடையில் வாங்கியதுதான், விலை அதிகம். மற்றவை பெரும்பாலும் சுற்றுப்புறம்: வால்நட் காயின் வெளித்தோலில் பழுப்பு, ஹிக்கரிப் பட்டையும் படிகாரமும் சேர்த்து மஞ்சள், தோட்டத்து மஞ்சிட்டியில் சிவப்பு, கறுப்பாக்க அன்னபேதி.

நீலப்பானை தனிக் கதை. பழைய சிறுநீர், கொஞ்சம் தவிடு, மஞ்சிட்டி. அவுரியைத் துணிப்பையில் கட்டி உள்ளே கசக்கி, அடுப்போரம் வெதுவெதுப்பாக நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மேலே செம்பு நிற ஆடை, உள்ளே பச்சை கலந்த மஞ்சள் நீர் தெரிந்தால் தயார். கம்பளியை மெல்ல இறக்கி, மெல்ல எடுக்க வேண்டும். வெளியே வரும்போது மஞ்சள்பச்சை, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். சொட்டவிட்டு, கலக்கிவிட்டுக் காற்றை உள்ளே ஏற்றினால் பானை செத்துவிடும். ஆறிப்போனாலும் நின்றுவிடும், மறுபடி சூடேற்றி, தவிடு போட்டு, காத்திருக்க வேண்டும். மணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

#15 பாவுக்கழி

நெய்து முடித்த கம்பளித்துணி அப்படியே உடுப்பாகாது. அடர்த்தியாக்கும் ஆலை இல்லாத இடத்தில் காலால் உதைத்தார்கள். துணியை வெந்நீரும் சாம்பல்காரச் சவர்க்காரமும் ஊற்றித் தரையில் போட்டு, சுற்றி வட்டமாக உட்கார்ந்து வெறுங்காலால் நடுவே தள்ளித் தள்ளி உதைப்பது. அவ்வப்போது பிரித்து அகலம் அளக்க வேண்டும். லின்சியில் பாவு லினன் என்பதால் நீளம் பெரிதாகக் குறையாது, அகலம்தான் குறையும். மடிப்பை மாற்றாமல் உதைத்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் வலையாக நிற்கும்.

#16 தறிச்சத்தம்

இந்த வாழ்க்கை எப்போது தளர்ந்தது? 1830 என்று வைக்கலாமா?

#17 கல்மேடு

ஒரே ஆண்டில் குத்திவைக்க முடியாது. முதலில் போனது நூற்பு வேலையின் முன்பகுதி. தண்ணீரில் ஓடும் சிக்கெடுப்பு இயந்திரங்கள் வந்ததும் கம்பளியை அங்கே கொடுத்துச் சுருளாக வாங்கிவந்தார்கள். அது தறிக்கு நன்மையே, நூல் வேகமாக வந்தது. அடி விழுந்தது 1815-க்குப் பின். 1812-ல் இங்கிலாந்தோடு தொடங்கிய போர் முடிந்து இங்கிலாந்துத் துணி குவிந்தது, மாசசூசெட்ஸின் வால்தமில் 1814-லேயே விசைத்தறி ஓட ஆரம்பித்திருந்தது, 1815-ல் என்டர்பிரைஸ் என்ற நீராவிப் படகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து எதிர்நீரோட்டத்தில் லூயிவில் வந்து சேர்ந்தது. இனி துணி மலை தாண்டி வர வேண்டியதில்லை. சாதா துணிதான் முதலில் போயிற்று. போர்வையும் லின்சியும் உள்பகுதிகளில் இன்னும் நெடுங்காலம் ஓடின.

#18 தறிச்சத்தம்

நன்றி. கடைசியாக ஒன்று, ஓரம் உள்வாங்கி ஓர இழை அறுவதற்கு அங்கே என்ன செய்தார்கள்?

#19 ஊடைக்காரர்

இரண்டு முனையிலும் ஊசிப்பல் வைத்த, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரக்குச்சி. நெய்த துணியில் குறுக்காக மாட்டி அச்சின் அகலத்துக்கு விரித்துப் பிடிக்கும். இரண்டு அங்குலம் நெய்ததும் முன்னே நகர்த்த வேண்டும், சோம்பல்பட்டு நான்கு அங்குலம் விட்டால் ஓரம் மறுபடி உள்வாங்கும். அதோடு ஊடையை நேராக இழுக்காமல் சற்றுச் சரிவாகப் போட்டு அடிப்பது. ஓர நான்கு இழையை இரட்டையாகக் கோர்ப்பதும் உண்டு.